இங்கே வந்தால் சேவை, அங்கே போனால் மோகமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தலையங்கத்தில், ‘இளம் மருத்துவர்களிடம் சேவை மனப்பான்மை மங்கி, வெளிநாட்டு மோகம் கூடிவிட்டது’ என்று எழுதியிருந்தீர்கள். போதாக்குறைக்கு, நம் நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய சாமர்வெல்லையும் துணைக்கு அழைத்திருந்தீர்கள். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அந்த அறுவை மருத்துவரின் பெருமையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் ஐயா, அவரும் பிறந்த நாட்டை விட்டு வந்தவர்தானே? இங்கிலாந்திலிருந்து இங்கே வந்தால் சேவை, இங்கிருந்து அங்கே போனால் மோகமா?

என் மகள் இப்போது அங்கேதான் இருக்கிறாள். 2017-இல் பிளஸ் டூ முடித்தாள். அந்த ஆண்டுதான் நீட் வந்தது. ஓராண்டு பயிற்சிக்கு என் வளையல்கள் இரண்டும் போயின. ஐந்தரை ஆண்டு படித்து முடித்து, நம் மாவட்டத்து மேற்கு எல்லையில் ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தப் பணிக்குச் சேர்ந்தாள். சம்பளம் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. அதையும் பொறுத்துக்கொண்டாள்.

ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த இடம். விடியுமுன் பால்வெட்டப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டால், நெற்றியில் கட்டிய விளக்கைக்கூட அணைக்காமல் தூக்கி வருவார்கள். அவர்களைக் காப்பாற்றிய நாள்களில் அவள் குரலே வேறாக இருக்கும். நள்ளிரவில் குடித்துவிட்டு வருகிற உறவினர் கூட்டம் வேறு கதை. மருத்துவர் ஓய்வறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மேசையை இழுத்துக் கதவோடு சேர்த்து வைத்துவிட்டுப் படுப்பாள். எத்தனையோ இரவுகள் அந்த மேசை தரையில் உரசும் ஓசையைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். நானும் 32 ஆண்டுகள் அரசுச் செவிலியராக இருந்தவள். எங்கள் காலத்தில் திட்டுவார்கள், அவ்வளவுதான்.

2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரைக் கத்தியால் குத்தினார்களே, அப்போது இந்தத் தாழ்ப்பாளைப் பற்றித் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடம் கிடைக்கவில்லை போலும். அந்த வாரம் தோவாளைப் பூ விலைக்கு அரைப் பக்கம் கிடைத்திருந்தது.

எதிர் வீட்டுப் பையன் உயிரியலில் கெட்டிக்காரன். கணினிப் பொறியியலுக்குப் போய்விட்டான். “மேற்படிப்பும் முடித்து நிமிரும்போது முப்பது வயதாகிவிடும் ஆன்ட்டி, அக்காவைப் பார்த்தேனே” என்றான். அவனிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருந்தால் அடுத்த தலையங்கத்தில் எழுதுங்கள்.

என் மகள் போய்விட்டாள், இனி அவளுக்காக நான் எதையும் கேட்கவில்லை. அவள் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணும் அதே மேசையைத்தான் நகர்த்துகிறாளாம். தங்கள் நாளிதழ் கேட்டால் அதிகாரிகள் அசைவார்கள் என்பதால், அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட ஏற்பாடு செய்யக் கோருகிறேன். மூன்று மனு கொடுத்தும் ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்ற பதில்தான் வந்தது. தாழ்ப்பாளை நானே வாங்கி வைத்திருக்கிறேன், தச்சரும் எங்கள் தெருக்காரர். பொருத்திக்கொள்ள அனுமதி மட்டும் வாங்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
குலசேகரம்.