பயத்தால் தயங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் தங்கை மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது அவன் அண்ணன்தான் ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு) கொடுத்தான். "முதுகெலும்பில் துளை போடுவார்களாம், கை கால் விளங்காமல் போய்விடுமாம்" என்று உறவினர்கள் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். நடந்தது வேறு. ஐந்து நாள் ஊசி போட்டார்கள், கொஞ்சம் எலும்பு வலி இருந்தது. அப்புறம் ஒரு கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கையில் ஏற்றினார்கள். நான்கு மணி நேரம். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டான்.

எபிதீலியம் (உடலின் உள்ளும் புறமும் மூடியிருக்கும் படலம்), இணைப்பு, தசை, நரம்பு என்று நம் உடலில் நான்கு வகைத் திசுக்கள். ரத்தமும் இணைப்புத் திசுதான். எலும்பு மஜ்ஜையில் உள்ள ரத்த ஸ்டெம் செல் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றையும் உருவாக்கும், நரம்பை உருவாக்காது. மூளை வளர்ச்சி சார்ந்த ஆட்டிசத்துக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை என்று வரும் விளம்பரங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ரத்த நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு அது ஆய்வு நிலையில்தான் உள்ளது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது.

உடன்பிறந்த ஒருவரின் திசு வகை முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். மற்றவர்களில் பலர் முன்பின் தெரியாத கொடையாளரை நம்பியிருக்கிறார்கள். கொடையாளராகப் பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். கல்லூரி ரத்ததான முகாம்களிலேயே இந்தப் பதிவையும் சேர்த்து நடத்த அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகி, திருச்சி