ஆண்டறிக்கை 2024: செயலாளரிடமிருந்து

ஜேமும் கோர்டியலும் (பழப்பாகு) போடும் நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும், வராத பெரும்பான்மையினருக்கும் வணக்கம்.

ஜனவரியில் பொங்கல் விழா. பெப்ரவரியில் ஜேம் வகுப்பு. ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலக் கடை. உப செயலாளர் நடத்தினார். வெசாக் தன்சலுக்கு, அதாவது இலவச உணவுப் பந்தலுக்கு, பழப்பானம் கொடுத்தோம். செப்டெம்பர் கூட்டம் ஜனாதிபதித் தேர்தலால் தள்ளிப்போனது, அப்புறம் நடக்கவே இல்லை.

"சீசன் நேரத்தில் செயலாளர் கனடாவில் இருந்தாராம்" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. இருந்தேன். மார்ச் முதல் மே வரை டொரொண்டோவில் மகள் வீட்டில்தான். ஆனால் அங்கே சும்மா இருக்கவில்லை என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

மருமகன் ஒரு வைன் கிட், அதாவது வீட்டிலேயே வைன் போடும் பெட்டி, வாங்கி வைத்திருந்தார். பெட்டிக்குள் செறிவாக்கிய திராட்சைச் சாற்றுப் பை ஒன்று, ஈஸ்ட், வைனைத் தெளிய வைக்கும் பெண்டனைட் களிமண், இன்னும் நாலைந்து சிறு பொட்டலங்கள். பழம் பிழிவதும் புளிப்பைச் சரிபார்ப்பதும் கம்பனியிலேயே முடிந்துவிடுவதால் நான்கே வாரத்தில் போத்தலில் அடைக்கலாம். வாளியில் தண்ணீர் சேர்த்து 23 லீற்றராக்கினோம். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.085 காட்டியது; ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும். ஈஸ்ட்டைத் தூவி மூடினோம்.

இரண்டு நாளாகியும் ஒரு குமிழி வரவில்லை. நிலவறை அவ்வளவு குளிர். ஈஸ்ட்டுக்கு 20 முதல் 24 பாகை வேண்டும். மருமகன் கம்பனிக்கு மெயில் எழுத உட்கார்ந்தார். நான் கம்பளியை எடுத்துவந்து வாளியைச் சுற்றிக் கட்டி, அடுப்படி மூலைக்கு நகர்த்தினேன். நம் வீடுகளில் தோசை மாவு பொங்காவிட்டால் என்ன செய்கிறோம்? அதேதான். மறுநாள் காலை வாயுவை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத காற்றடைப்பான் குழாயில் குளுக் குளுக் என்று சத்தம்.

ஒரு வாரத்தில் 1.010. ஒடுங்கிய கழுத்துக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றினோம். 0.994இல் இரண்டு நாள் அசையாமல் நின்றதும் வைன் கெடாமலும் மறுபடி பொங்காமலும் இருக்க மெட்டாபைசல்பைட்டும் சோர்பேட்டும் போட்டோம். பிறகு எல்லோரும் தவறவிடும் வேலை: உள்ளே கரைந்திருக்கும் வாயு போகும்வரை கரண்டிப் பிடியால் கிண்டுவது. கை கழன்றுவிடும். கிண்டாவிட்டால் வைன் தெளியாது, நாக்கில் சுறுக்கென்று குத்தும். மொத்தம் 30 போத்தல். நான்கு வாரத்தில் குடிக்கலாம் என்று பெட்டி சொல்கிறது; மே கடைசியில் திறந்த போத்தல்தான் வாய்க்கு நன்றாக இருந்தது.

இதையெல்லாம் ஞாயிறுதோறும் இலங்கை நேரம் மாலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் வீடியோவில் காட்டினேன். எனக்கு அப்போது காலை எட்டரை, பல் துலக்கிய கையோடு. 32 அங்கத்தவர்களில் பார்த்தவர்கள் நால்வர். அதில் ஒருவர் பேரனுக்குக் கார்ட்டூன் என்று நினைத்துத் திறந்தவர்.

"நமக்கு இதால என்ன பிரயோசனம்?" என்று கேட்டீர்கள். கனடாவில் சொந்தக் குடிப்புக்கு வீட்டில் வைன் போடலாம். இங்கே 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரமில்லாமல் முடியாது. சங்கம் வைன் போடவில்லை, போடப்போவதும் இல்லை. ஆனால் 2023 கிறிஸ்மஸ் கடையில் நம் ஸ்ட்ரோபெரி கோர்டியல் மூடிகள் தெறித்து, பக்கத்துக் கடைக்காரரின் வெள்ளைச் சட்டை சிவந்ததை மறந்துவிட்டீர்களா? அதுவும் ஈஸ்ட் வேலைதான், நாம் அழைக்காமல் வந்தது. போத்தலை அவிக்காமல், சாறு ஆறும்வரை திறந்து வைத்ததால் வந்தது. இந்த முறை போத்தல், மூடி, புனல், கரண்டி எல்லாவற்றையும் கிருமி நீக்கிய பிறகே அடைத்தோம். ஒரு மூடியும் தெறிக்கவில்லை. இதற்குக் கைதட்டல் கேட்கவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம், கையிருப்பு சிறிது உண்டு, விபரம் பொருளாளரிடம். சந்தா கட்டியவர்கள் 11 பேர். கட்டாதவர்களில் சிலர் கோர்டியலை அங்கத்தவர் விலைக்கே வாங்கிச் சென்றார்கள். பெயர் சொல்லவில்லை, பட்டியல் மேசையில் இருக்கிறது. ஹைட்ரோமீட்டர் என் சொந்தக் காசு.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் ஊற்றிய சகோதரிகளுக்கும், கடையைத் தனியாகச் சமாளித்த உப செயலாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இளையவர் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்பது நல்லது. எவரும் முன்வராவிட்டால் நான் மறுக்கப்போவதில்லை, ஆனால் சந்தா வந்தால் பார்க்கலாம். வாளி, ஹைட்ரோமீட்டர், அலுமாரிச் சாவி மூன்றும் என் வீட்டில் உள்ளன. ஆறு மணிக்குப் பிறகு வந்தால் ஆள் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்