மாஸ்டர் பெயரில் ஒரு பட்டறை: நன்கொடை வேண்டுகோள்

ஏற்காடு சபையாருக்கும், மாஸ்டரிடம் தொழில் படித்த பிள்ளைகளுக்கும், அவரை அறிந்த மலை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நினைவுக் குழுவின் அன்பின் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

எங்கள் டீக்கன், உங்களில் பலருக்கு ஃபிட்டர் மாஸ்டர், கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஆலயச் சுவரில் அவர் பெயருக்கு ஒரு கிரானைட் பலகை பதிக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. "அந்தக் கல்லை வைத்து யார் என்ன வேலை பார்ப்பது?" என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். மாஸ்டர் இருந்திருந்தால் அவரும் இதைத்தான் கேட்டிருப்பார். ஆலய வளாகத்தின் பின்பக்கம் சும்மா கிடக்கும் பழைய ஷெட்டைப் பொதுப் பட்டறை ஆக்குவது என்று அன்றைக்கே முடிவானது.

1981இல் சேலம் இரும்பாலையில் உற்பத்தி தொடங்கிய சமயம், ஃபிட்டரும் டர்னரும் படித்த பையன்களுக்கு ஊரில் புது மரியாதை வந்தது என்று அவர் அடிக்கடி சொல்வார். அந்த நாட்களில்தான் மலைக்குக் கீழே ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐடிஐ) பயிற்றுநராகச் சேர்ந்தார். புதிதாக வந்த பையனை மெஷின் பக்கமே விட மாட்டார். ஒரு இரும்புப் பட்டையைக் கையில் கொடுத்து, வைஸில் (பெஞ்சில் பொருத்திய இரும்புப் பிடியில்) பிடித்து அராவச் சொல்வார். அராவி முடித்ததும் ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) அதன்மேல் வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். இடையில் துளி வெளிச்சம் கசிந்தாலும், "வெளிச்சம் வருது தம்பி" என்பார். திட்டு, அடி எதுவும் கிடையாது. திரும்பவும் அராவ வேண்டும், அவ்வளவுதான்.

ஐடிஐயில் ஃபிட்டர் டிரேடு இரண்டு வருடப் படிப்பு. சேர்வதற்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். மலையிலோ எட்டாவதோடும் ஒன்பதாவதோடும் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் தன் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு பெஞ்சைப் போட்டு வைஸ் பொருத்தினார். நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை பக்கமிருந்தெல்லாம் பையன்கள் வருவார்கள். பின்னாளில் சில பெண் பிள்ளைகளும் வந்தார்கள். சபைப் பிள்ளையா, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகிற பிள்ளையா என்று அவர் கேட்டதே இல்லை.

காப்பிப் பழம் எடுக்கும் காலத்தில் அவரை வீட்டில் பிடிக்க முடியாது. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரித்தாக வேண்டும், குவித்து வைத்தால் புளித்துவிடும். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் கையால் சுற்றும் பல்பரை, அதாவது பழத்தோல் உரிக்கும் மெஷினை, நம்பித்தான் இருக்கிறார்கள். அதில் இடைவெளி கூடினால் பழம் உரியாமல் அப்படியே வெளியே விழும். குறைந்தால் கொட்டை வெட்டுப்படும், வியாபாரி விலையைக் குறைப்பார். சாயங்காலம் ஆறு மணிக்குப் பல்பர் நின்றுபோனால் அந்த வீட்டுக்கு அது சாவுச் செய்தி மாதிரிதான். மாஸ்டர் டார்ச்சும் டூல் பெட்டியுமாகக் கிளம்பிவிடுவார். கூலி வாங்க மாட்டார். "அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு ஒரு படி மிளகு கொண்டு வா" என்பதோடு சரி. அந்த மிளகு ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும்.

பிரசங்கம் செய்யச் சொன்னால் நெளிவார். (செய்த ஒன்றிரண்டும் அவ்வளவு சுகமில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ளலாம்.) அப்போஸ்தலர் நடபடிகளில் பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்களே, டீக்கன் என்றால் அவருக்கு அந்த ஊழியம்தான். தனியாக இருக்கும் அம்மாக்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலும் ஓடு சரிந்தாலும் முதலில் போய் நிற்பவர் அவர். காணிக்கைக் கணக்கை ஆலயப் பலகையில் ஒட்டாமல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போக மாட்டார்.

இப்போது பட்டறை விஷயம். தொழில் தெரிந்தும் சொந்தக் கருவி இல்லாத பையனுக்கு, கட்டட வேலையோ ஒர்க்‌ஷாப்போ, எங்கே போனாலும் ஹெல்பர் கூலிதான். அவன் எடுத்துப் போய் வேலை பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிற மாதிரி கருவிகள் இங்கே இருக்கும். சனிக்கிழமைகளில் மாஸ்டரின் பழைய மாணவர்கள் இரண்டு பேர் சொல்லிக்கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். பல்பர் பழுது பார்க்க ஒரு மூலை தனியாக உண்டு.

மொத்தம் ரூ.4,75,000 ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். அதில் பெரும்பகுதி கூரை ஷீட்டுக்கும் மும்முனை மின் இணைப்புக்கும் போய்விடும். மிச்சத்தில் வைஸ்கள், பெஞ்ச் டிரில், கிரைண்டர், வெல்டிங் மெஷின், மரை வெட்டும் டேப்-டை செட், பாதுகாப்புக் கண்ணாடிகள் வாங்க வேண்டும். பழைய மாணவர்கள் இதுவரை ரூ.60,000 தந்திருக்கிறார்கள். மாஸ்டரின் டூல் பெட்டியை அவர் வீட்டு அம்மாவே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். ரூ.5,000 தந்தால் ஒரு வைஸ் வாங்கிவிடலாம். அதற்காக வைஸின்மேல் உங்கள் பெயரை எழுதுவோம் என்று எதிர்பார்க்க வேண்டாம். நூறு ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. வரவு செலவு மாதந்தோறும் ஆலயப் பலகையில் ஒட்டப்படும்.

பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். இந்த நிதிக்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது. இந்திய பாஸ்போர்ட்டோடு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான அரசுப் பதிவு எங்களிடம் இல்லை. மனம் கோணாதீர்கள், ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை வந்து சொல்லிக்கொடுங்கள், அது போதும்.

பணத்தை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடம் கட்டலாம். வங்கிக் கணக்கு விவரம் ஆலய அலுவலகத்தில் கிடைக்கும். பழைய கருவிகளையும் வாங்கிக்கொள்வோம். துருப்பிடித்த வைஸ் என்றாலும் சரி, தேய்ந்த அரம் மட்டும் வேண்டாம்.

ஷெட்டைச் சுத்தம் செய்யும் வேலை வருகிற மாதம் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கும். மதியச் சாப்பாடு பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பொறுப்பு. உள்ளே பழைய ஆணி நிறையக் கிடக்கிறது, செருப்போடு வராமல் ஷூ போட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
நினைவுப் பட்டறைக் குழுவினர், ஏற்காடு