இரண்டாம் பருவ நிறைவுக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. தேர்வு முடிவுகள் மனநிறைவு தருகின்றன. பேச்சுப் போட்டி, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு விழா எல்லாவற்றிலும் மாணவர்கள் ஆர்வத்தோடு கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வாழ்த்துகள். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் விடுமுறைக்கு முன் தந்துவிட வேண்டும். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

அப்புறம், ரக்பி. நம் 14 வயதுக்குட்பட்டோர் அணி இந்தப் பருவம் நன்றாகவே ஆடியது. சில ஆட்டங்களில் தோற்றார்கள், தோற்றபிறகும் எதிரணியினரோடு கைகுலுக்கிவிட்டுத்தான் வந்தார்கள். பிள்ளைகளிடம் எனக்குக் குறை எதுவும் இல்லை. குறை எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்களிடம்.

பருவத் தொடக்கத்தில் காலைக் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் தென்னாப்பிரிக்க ரக்பி பயிற்சியாளர் ரஸ்ஸி எராஸ்மஸைப் பற்றிப் பேசினார். வீட்டில் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். 1972-ல் டெஸ்பாட்ச் என்ற ஊரில் பிறந்தவர். 1997 முதல் 2001 வரை ஸ்பிரிங்பாக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க தேசிய அணிக்காக 36 டெஸ்ட் (நாடுகளுக்கிடையேயான ரக்பி ஆட்டம்) ஆடியவர். பயிற்சியாளரான பிறகு 2005-ல் ஃப்ரீ ஸ்டேட் மாகாண அணிக்கு அந்நாட்டின் உள்நாட்டுப் போட்டியான கரி (Currie) கோப்பையை வென்று தந்தார். அரங்கின் கூரையிலிருந்து வண்ண விளக்குகளைக் காட்டி ஆட்டக்காரர்களுக்குத் திட்டம் சொன்னார் என்று கேட்டதும் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. 2018-ல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த அணி நியூசிலாந்திடம் 57-0 என்று தோற்றிருந்தது. அவர் சியா கோலிசியைத் தலைவராக்கினார். தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணிக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் முறை. 2019 உலகக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே நியூசிலாந்திடம் தோற்று, பிறகு யோக்கோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

பிள்ளைகள் இந்தக் கதையில் எடுத்துக்கொண்டது, தோற்ற பிறகும் எழுந்து வென்றதைத்தான். பெற்றோரில் சிலர் வேறொரு பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடந்த சில சனிக்கிழமைகளில் நம் மைதானத்தில் நடுவரை நோக்கிக் கத்துவது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் கொடுக்கிறேன் என்று உள்ளே போய் ஆட்டத் திட்டம் சொல்லிவிட்டு வருகிறார்கள். போன வாரம் நடுவரின் முடிவுகளைத் துண்டு துண்டாக வெட்டி, சிவப்பு வட்டம் போட்டு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கேட்டதற்கு, "ரஸ்ஸியே இதைச் செய்யவில்லையா சார்?" என்று பதில்.

செய்தார், உண்மைதான். 2021-ல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியிடம் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரர்களின் கூட்டணி) முதல் டெஸ்டில் 22-17 என்று தோற்றதும், நடுவர் நிக் பெரியின் முடிவுகளை ஒவ்வொன்றாகக் குறைசொல்லி 62 நிமிட வீடியோ எடுத்தார். அது இணையத்தில் பரவியது. அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும் அல்லவா? நடுவர் தானும் தன் குடும்பமும் பட்ட வேதனையை விசாரணைக் குழுவிடம் தெரிவித்தார். எராஸ்மஸுக்கு ரக்பி சார்ந்த எல்லா வேலைகளிலிருந்தும் இரண்டு மாதத் தடை. ஆட்ட நாட்களில் அணியோடு இருக்க 2022 செப்டம்பர் 30 வரை தடை. மன்னிப்புக் கேட்கவும் உத்தரவு. அவருடைய வாரியத்துக்கு 20,000 பவுண்டு அபராதம். 2022 நவம்பரில் சமூக வலைத்தளப் பதிவுகளுக்காக மறுபடியும் இரண்டு ஆட்டத் தடை. அந்த லயன்ஸ் தொடரில் அவர் தண்ணீர் கொண்டுபோகும் ஆளாகவும் மைதானத்தில் இறங்கியிருந்தார். அடுத்த ஆண்டே தலைமைப் பயிற்சியாளரும் ரக்பி இயக்குநரும் அந்த வேலையைச் செய்யக்கூடாது என்று உலக ரக்பி அமைப்பு விதி கொண்டுவந்தது. நம் தண்ணீர்க்காரர்கள் கவனிக்க.

62 நிமிடம் பேசியும் 22-17 அப்படியேதான் இருக்கிறது. தொடரைத் தென்னாப்பிரிக்கா 2-1 என்று வென்றது அடுத்த இரண்டு டெஸ்டுகளில் ஆடி வென்றதால். 2023-ல் அவர் ரக்பி இயக்குநராக இருந்தபோது பாரிஸில் நியூசிலாந்தை 12-11 என்று வென்று மறுபடியும் கோப்பை. 2024-ல் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பியவர், ஓய்வு பெற்ற நடுவர் யாக்கோ பைப்பரை விதி ஆலோசகராகத் தன் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார். நடுவரோடு சண்டை போட்டே பெயர் வாங்கிய மனிதர் இவர். என்னைக் கேட்டால் அவரிடம் நகலெடுக்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

நமக்கு வரும் நடுவர்கள் தங்கள் சனிக்கிழமையை விட்டுக்கொடுத்து வருகிற பிற பள்ளி ஆசிரியர்கள். ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவம் முதல் நடுவரை நோக்கி யாராவது கத்தினால் ஆட்டம் அங்கேயே நிறுத்தப்படும், அவர் வாயிலுக்கு வெளியே போன பிறகுதான் தொடரும். நடுவரையோ அடுத்தவர் பிள்ளையையோ காட்டும் வீடியோவைப் பரப்பினால், அந்தப் பெற்றோருக்கு அந்தப் பருவம் முழுவதும் மைதானத்தில் அனுமதி இல்லை. தண்ணீர் கொண்டுபோவது உடற்கல்வி ஆசிரியர் குறிப்பிடும் மாணவர் மட்டுமே. இதில் யாருக்கும் விலக்கு கிடையாது, பள்ளிக்கு எவ்வளவு உதவி செய்தவராக இருந்தாலும்.

கத்துகிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. தன் பிள்ளை ஸ்க்ரமுக்கு (இரு அணியினரும் பிணைந்து தள்ளும் கூட்டத்துக்கு) அடியில் மாட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எளிதல்ல. ரக்பி விதிகளும் லேசில் பிடிபடுபவை அல்ல. ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் மோதும் இடத்தில்) யார் கை வைக்கலாம், எப்போது எடுக்க வேண்டும் என்பது எனக்கே பாதி நேரம் புரிவதில்லை. நடுவரின் முடிவில் சந்தேகம் இருந்தால் மறுநாள் உடற்கல்வி ஆசிரியருக்கு எழுதுங்கள். அவர் கட்டாயம் பதில் சொல்வார்.

விடுமுறைக்குப் பின் வரும் முதல் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி அரங்கில் பெற்றோருக்கு ரக்பி விதி வகுப்பு நடக்கும். வீடியோ போட்டவரையும் நேரில் அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மழையிலும் வெயிலிலும் பிள்ளைகளை அழைத்து வந்து, சட்டைச் சேற்றைத் துவைத்து, இரு அணிக்கும் கைதட்டும் பெற்றோர்கள்தான் நம்மிடம் அதிகம். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்புக்கு வருகிறவர்கள் புதன்கிழமைக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள், நாற்காலி போட வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்