அத்தைக்குத் தெரியாமல் ஒரு கடிதம்

அன்புள்ள விஜி,

நலம். அங்கேயும் நலம்தானே? குட்டிக்குப் பல் முளைத்த படம் வந்தது. சிரித்தால் அப்படியே உன் மாமியார், கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய திட்டெல்லாமும் வந்து சேர்ந்தது. அதில் "செத்துட்டியா, இருக்கியா" என்று கேட்டிருந்தாயே, அதற்கு மட்டும் இப்போது பதில்: இருக்கிறேன்.

கையில் ஃபோன் இருக்கும்போது எதற்கடி கடுதாசி என்று கேட்பாய். இந்த வீட்டைத்தான் நீ பார்த்திருக்கிறாயே. முன்காம்பராவில் இருமினால் குசினியில் கேட்கும். நான் சொல்லப்போவது அத்தை காதில் விழவே கூடாத விஷயம். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், நீ வாய்ஸில் பதில் போடுவாய், அதைப் பெரியவள் எடுத்து ஊருக்கே கேட்கிற மாதிரி போட்டுவிடுவாள். அதனால் பாடமில்லாத நேரத்தில் கொப்பி திருத்துகிற சாக்கில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தனை கல்வியியல் கல்லூரியில் நாம் பார்க்காத வேலையா? அங்கே நாம் "தகரம்" என்று பட்டம் வைத்த ஆள் இங்கே இல்லை, ஆனால் எங்கள் அதிபருக்கும் அதே செருப்புச் சத்தம்தான்.

சரி, விஷயம் இது. சின்னவன் மண்ணெண்ணெய் குடித்துவிட்டான். இப்போது நன்றாக இருக்கிறான், ஓடுகிறான், அக்காவைக் கடிக்கிறான். இதை முதலிலேயே எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படிப்பாய்.

மே மாதம் பிடித்த மழை இங்கே இன்னும் விட்டபாடில்லை. விறகெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கிறது. வீட்டில் கேஸ் இருக்கிறது, ஆனால் அத்தைக்குக் கேஸில் வெந்தது சோறே இல்லை, "ஆஸ்பத்திரிச் சோறு". அடுப்பில்தான் ஆக்குவார். ஈர விறகு பிடிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளிக்கத்தானே வேண்டும்? முன்பெல்லாம் கேனோடு வாங்கி வைப்போம். 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனதே, அதோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கேன் என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது. கடைக்குப் போத்தலைக் கொண்டுபோய்க் கால் போத்தல், அரைப் போத்தல் என்று வாங்கி வருவதுதான். பிறகு விலை இறங்கியும் போத்தல் மட்டும் போகவில்லை. எந்தப் போத்தல்? பிள்ளைகள் குடித்துவிட்டுப் போட்ட சோடாப் போத்தல். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியில், விறகுக்குப் பின்னால், அதே போத்தல், அதே சிவப்பு மூடி.

அன்றைக்குச் சனிக்கிழமை. நான் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பெரியவள் மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்து, "அம்மா, தம்பி சோடா குடிச்சிட்டு இருமுறான்" என்றாள். வீட்டில் ஏது சோடா என்று யோசிக்கும்போதே கால் ஓட ஆரம்பித்துவிட்டது. தூக்கினேன், வாயிலிருந்து குப்பென்று மணம். சட்டையின் நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்தது. கண்ணிலும் மூக்கிலும் ஒழுக, இருமலுக்கு நடுவில் "காரம்... காரம்..." என்றான். மிளகாய்க்கும் அவன் அதைத்தான் சொல்வான்.

லயத்தில் ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் பத்து வீடு வந்துவிடும் இல்லையா, வந்தார்கள். தொங்கல் வீட்டுப் பெரியம்மா உப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டே வந்தார், "ஊத்து, வாந்தி எடுக்கட்டும்" என்று. ஒருவர் தொண்டைக்குள் விரலை விடச் சொன்னார். இன்னொருவர் சோப்புத் தண்ணீர் என்றார். அத்தை யாரிடமும் ஒன்றும் பேசாமல் துருவலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவத் தொடங்கிவிட்டார். தேங்காய்ப்பால் கொடுத்தால் முறிந்துவிடுமாம். கை நடுங்கி, பூவில் பாதி தட்டில், பாதி தரையில்.

பெரியம்மா டம்ளரை அவன் வாய்க்குக் கொண்டுபோனார். நான் தட்டிவிட்டேன். தண்ணீர் முழுதும் அவர் சேலையில். இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். போகட்டும், நாளைக்கே இன்னொரு டம்ளர் வந்தாலும் தட்டிவிடத்தான் செய்வேன். முதலுதவி வகுப்பில் நீ தூங்கினாய், நான் தூங்கவில்லை. அமிலம், மண்ணெண்ணெய், பெற்றோல், இவை எதைக் குடித்தாலும் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது என்று சொன்னது எப்படியோ மண்டையில் நின்றிருந்தது.

ஏன் கூடாது என்பதை வார்டில் ஒரு சின்ன டொக்டர் தங்கச்சி பொறுமையாகச் சொன்னாள். உன் வீட்டிலும் தவழ்கிற பிள்ளை இருப்பதால் எழுதுகிறேன். கொஞ்சமாகக் குடித்த மண்ணெண்ணெய் வயிற்றில் பெரிதாக ஒன்றும் செய்யாதாம். தப்பிப்போய் நுரையீரலுக்குள் இறங்குவதுதான் ஆபத்து. சமையல் எண்ணெய் மாதிரிக் கொழகொழவென்று இருக்காது, மெலிசு, பட்ட இடமெல்லாம் பரவும். குடிக்கும்போது புரையேறிக் கொஞ்சம் உள்ளே போனாலே நுரையீரல் புண்ணாகி வீங்கிவிடும். அதற்கு மேல் வாந்தியும் எடுக்க வைத்தால் தொண்டை வழியாக மறுபடியும் அதையே ஏற்றி இறக்குகிறோம். பாலைக் குடுகுடுவென்று ஊற்றினாலும் வயிறு நிரம்பி வாந்திதான் வரும். அங்கே வயிற்றைக் கழுவவே இல்லை தெரியுமா? சட்டையைக் கழற்றிப் போட்டு, தோலில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், அவ்வளவுதான்.

நான் அவசரத்தில் எங்கெங்கோ தாவுகிறேன். 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம். லயத்துப் பாதையில் அம்புலன்ஸ் ஏறாது, அதனால் பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு சந்திக்கு இறங்கினோம். நாங்கள் போய் நிற்கவும் வண்டி வரவும் சரியாக இருந்தது. ரதல்ல குறுக்கு ரோட்டால் ஏற்றுவாரோ என்று எனக்கு வேறு பயம். 2023 ஜனவரியில் விபத்தில் ஏழு பேர் செத்துப்போனது அங்கேதானே. நல்லவேளை, நானுஓயா பெரிய ரோட்டிலேயே நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க அவன் இருமினான், நான் வேண்டாத சாமியில்லை. வேதக்காரி நீ, உன் மாதாவையும் கூப்பிட்டேன், கணக்கில் வைத்துக்கொள்.

நடுவில் ஒரு கூத்து. என்ன குடித்தான் என்று காட்ட வேண்டுமே என்று மிச்சப் போத்தலை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அது ஒழுகி, பேக், பர்ஸ், ஐடென்டி கார்ட், எல்லாம் மணம். வார்ட் முழுக்க மணம். வேலைக்கார அம்மா ஒருவர் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து, என் பேக்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏசினார் பார், யாராவது நெருப்புக்குச்சி உரசினால் வார்டே போய்விடும் என்று. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்க, எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பேக்கை இன்னும் வெயிலில் போட முடியவில்லை, வெயில் இருந்தால்தானே.

முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. அப்பாடா, வீட்டுக்குப் போகலாம் என்று நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். டொக்டர் விடவில்லை. இது உடனே தெரியாது, சில மணித்தியாலம் போய்த்தான் தெரியும் என்றாள். அவள் சொன்னபடியே ராத்திரி காய்ச்சல் ஏறியது, மூச்சு வேகமாக வாங்க ஆரம்பித்தது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே குழிந்து குழிந்து எழும்பியது. விஜி, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ராத்திரி எந்தத் தாய்க்கும் வேண்டாம். இரண்டாவது எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே பஞ்சு மாதிரித் தெரிந்தது. மூக்கில் ஒட்சிசன் வைத்தார்கள். இதற்கு முறிமருந்து என்று தனியாக எதுவும் இல்லையாம். ஒட்சிசன் கொடுத்து, பார்த்துக்கொண்டே இருந்து, தானாக ஆற விட வேண்டுமாம். ஆறிவிட்டது. திரும்ப ஒருமுறை கிளினிக்குக்குக் காட்டினோம், நெஞ்சு தெளிவு என்றார்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே "சோடா" கேட்டான், பாவி.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம்.

அத்தை பேசுவதில்லை. பேசுவதில்லை என்றால் கோபத்தில் இல்லை. "சோறு போடவா", "மழை வருது, துணி" இவ்வளவுதான். முன்பெல்லாம் காலையில் அடுப்பு மூட்டும்போதே கங்காணி காலத்துக் கதை தொடங்கிவிடும், நான் ஸ்கூலுக்குப் போகும்வரை ஓடும். நீகூட ஒருமுறை "உங்க அத்தைக்கு வால்யூம் குறைக்கிற பொத்தான் எங்கே" என்று கேட்டாயே. இப்போது சத்தமே இல்லை. சின்னவனைத் தூக்குவதில்லை. அவன் போய் மடியில் ஏறினால், "அம்மாகிட்ட போ சாமி" என்று இறக்கி விடுகிறார். நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "இவனை வேற எங்கயாவது விட்டுட்டுப் போறியா?" என்று கேட்கிறார். மூன்று பிள்ளை பெற்று, கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டே வளர்த்த மனுஷி!

இதற்குக் காரணம் என் வீட்டுக்காரர், நீ அண்ணன் என்கிற மனுஷன்தான். கொழும்புப் புறக்கோட்டையில் இருந்து விஷயம் கேட்டதும் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "உங்களுக்கு ஒரு பிள்ளையைப் பார்க்கத் துப்பில்லையா" என்று கேட்டுவிட்டார். அவருக்கும் பயம்தான், எனக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவருக்குப் பயம் கோபமாகத்தான் வரும். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. அத்தை ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். அப்புறம் இவர் என்னிடம், அம்மாவை மஸ்கெலியாவில் தம்பி வீட்டில் கொஞ்ச நாள் விடுவோமா என்கிறார். விட்டால்? இந்த இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நான் எப்படிப் படிப்பிப்பேன்? சரி, அதையும் விடு. அவரை அப்படி அனுப்பினால், அந்தப் பழி அவருக்குச் சாகும்வரை போகுமா?

எனக்கு அத்தை மேல் கோபமே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வார்டில் அந்த ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன், மனதுக்குள். ஆனால் யோசித்துப் பார். எங்கள் வரிசையில் எந்த வீட்டில் அந்தப் போத்தல் இல்லை? உப்புத் தண்ணீர் கொண்டுவந்த பெரியம்மா வீட்டிலும் இருக்கிறது. அங்கே குடிக்கிற வயதில் பிள்ளை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டொக்டர் விஜய கொடகும்புர பற்றிப் பத்தனையில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு சரிந்து நெருப்புப் பிடித்துக் கருகி வருகிறவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தவர். "கவனமாக இருங்கள்" என்று சனங்களுக்குப் புத்தி சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், போத்தலையே மாற்றினார். குட்டையாக, கனமாக, உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடி போட்டு. சுதீப லாம்பு. அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருதுகூடக் கிடைத்தது. வார்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த லாம்பு ஞாபகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. நாங்கள் என்னடாவென்றால், போத்தலை அப்படியே வைத்துக்கொண்டு கிழவியை மாற்றப் பார்க்கிறோம். இதை உன் அண்ணனிடம் சொன்னேன். "டீச்சர் பாடம் எடுக்கிறா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "என்ன தகரம் வேணும்?" என்று கேட்டார்.

பழைய பெயின்ட் டின் ஒன்று, இறுகிய மூடியோடு. அவரே பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். நான் அதைச் சிவப்பாகப் பெயின்ட் அடித்து, மண்ணெண்ணெய் என்று பெரிதாக எழுதி, கூரைப் பக்கம் ஒரு பலகை அடித்து ஏற்றிவிட்டேன். எடுக்க எனக்கே ஸ்டூல் வேண்டும். இப்போது ஸ்கூலிலும் இதே வேலை. ஆறாம் வகுப்புக்காரர்களை வீட்டில் சோடாப் போத்தலில் என்னென்ன ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொன்னேன். மண்ணெண்ணெய், டொய்லெட் கழுவுகிற மருந்து, தோட்டத்துக்கு அடிக்கிற புல் மருந்து என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். புல் மருந்து, விஜி! எனக்குக் குலை நடுங்கிவிட்டது. பெற்றோர் கூட்டம் முழுக்க அதைத்தான் பேசினேன். அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. இப்போது பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பெயர் "போத்தல் டீச்சர்". தகரத்துக்குப் பட்டம் வைத்த பாவம் சும்மா விடுமா?

உன் வீட்டு சிங்க்குக்குக் கீழேயும் போய்ப் பார். கேஸ், டைல்ஸ் எல்லாம் இருக்கிற வீடென்று மிதப்பில் இருக்காதே.

இப்போது உனக்கு ஒரு வேலை. அத்தைக்கு உன் மேல் தனிப் பிரியம், நீதான் அவர் கதையை இரண்டு தரம் கேட்கிற ஒரே ஆள். ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் பீலிக்குப் போகிற நேரமாகப் பார்த்து ஃபோன் எடு. அவர்தான் எடுப்பார். சின்னவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, உனக்கு ஒன்றும் தெரியாது. குட்டிக்கு எப்போது சோறு ஊட்டத் தொடங்கலாம், இருமலுக்கு என்ன கைமருந்து, எண்ணெய் தேய்த்தால் எப்படிப் பிடிப்பது என்று கேள். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இரு. ரீலோட் காசு முடிந்தால் நான் போட்டு விடுகிறேன். கைமருந்தை எல்லாம் செய்ய வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

லீவுக்கு வருவதாக இருந்தால் முதலிலேயே சொல். பெரியம்மா என்னோடு பேசாமல் இருப்பதால் அவர் வீட்டு முட்டை கிடைக்காது, வேறு இடத்தில் சொல்லி வைக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டது, ஒன்பதாம் வகுப்பு சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.

அன்புடன்,
உன் போத்தல் டீச்சர்

பி.கு.: பதிலை ஸ்கூல் முகவரிக்குப் போடு, வீட்டுக்குப் போடாதே. வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பெரியவள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், அதுவும் சத்தமாக.