தொண்டையில் சாம்பல் படலம் தெரிந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2015இல் தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய் மீண்டும் தலைகாட்டியது. பிள்ளைக்குத் தொண்டை வலிதானே என்று மஞ்சள் பாலோடு நாலு நாள் கடத்திவிடாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த நோய் என்றால் உள்நாக்கை ஒட்டிச் சாம்பல் நிறத்தில், தோல்போல் ஒரு படலம் அப்பியிருக்கும். சுரண்டினால் ரத்தம் கசியும். துணியால்கூடத் துடைக்க வேண்டாம். அந்தப் படலம் குரல்வளைக்கு இறங்கினால் மூச்சே அடைத்துவிடும்.

கிருமி பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கிவிடும். அது கக்கும் நஞ்சுதான் ரத்தத்தில் கலந்து, செல்கள் புரதம் உண்டாக்குவதை முடக்குகிறது. ஓரிரு வாரங்களில் இதயத் துடிப்பு தடுமாறலாம். குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பி வந்தால், அண்ணத்து நரம்பு செயலிழந்துவிட்டது என்று பொருள்.

செல்லுக்குள் புகுந்துவிட்ட நஞ்சை முறிமருந்தால் மீட்க முடியாது. ஆகவே ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்காமல் அதைச் செலுத்த வேண்டும். பெனிசிலினோ எரித்ரோமைசினோ 14 நாள் கொடுப்பது கிருமியைக் கொல்லத்தான்; நஞ்சு அதற்கு அடங்காது.

தடுப்பூசி 6, 10, 14 வாரங்களிலும் 18 மாதத்திலும் அரசு கிளினிக்கில் இலவசம். பள்ளிக்குப் போகும் வயதில்தான் மறதி வந்துவிடுகிறது. 6, 12 வயது ஊசிகள் போட்டாயிற்றா என்று பிள்ளையின் கிளினிக் புத்தகத்தைத் தயவுசெய்து இன்றே பாருங்கள்.

மருத்துவ ஆய்வகப் பணியாளர்கள்,
டர்பன்