கால் கிலோத் தூள்

கோண்டாவில்,
வைகாசி 12

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மற்றவற்றை அம்மா தொலைபேசியில் சொல்லியிருப்பாள், நீ எடுத்திருந்தால்.

நம் இணையக் கடையின் கணக்கு, அந்த வூகொமேர்ஸ் மென்பொருள் விஷயமாகத்தான் எழுதுகிறேன். மூன்று கிழமையாகப் பதினொரு ஓடர் 'செயலாக்கத்தில்' என்றே நிற்கின்றன. எல்லாவற்றையும் தபாலில் போட்டு, சீட்டு எண்களையும் உனக்கு அனுப்பினேன். நீ 'நிறைவு' என்று மாற்றினால்தானே வாங்கியவருக்குச் செய்தி போகும்? முன்பெல்லாம் நான் தபாலகத்திலிருந்து சைக்கிளில் வீடு வந்து சேர்வதற்குள் மாற்றிவிடுவாய். அங்கே நடுச்சாமமாக இருந்தாலும் மாற்றுவாய். பொறுத்துப் பார்த்துவிட்டு நானே மாற்றினேன்.

உள்ளே போனபோதுதான் மற்றவையும் கண்ணில் பட்டன. பனங்கிழங்குப் புழுக்கொடியல் 'இருப்பு இல்லை' என்று காட்டுகிறது. மஞ்சள் தகரத்தைத் திறந்து எண்ணினேன், ஆறு பொதி இருக்கின்றன. தேடிப் பார்த்தால், தை மாதம் வங்கியில் கட்டுகிறோம் என்று சொன்ன இரண்டு பேர் இன்றுவரை கட்டவில்லை. அட்டைக் காசு வராத ஓடரை அது 60 நிமிடம் பிடித்து வைத்துவிட்டுத் தானே ரத்து செய்கிறது. வங்கி ஓடர் அப்படியல்ல, 'நிறுத்தி வைப்பு' என்று கிடந்து, நாமாக விடுவிக்கும்வரை சாமானைக் கட்டிப்போடுகிறது. இரண்டையும் ரத்து செய்தேன், ஆறும் திரும்பி வந்தன. இதை நீ கவனிக்காமல் விட்டாய் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

லண்டனில் உறை வெடித்த கறித்தூளுக்குக் காசைத் திருப்பினாயே, அப்போது 'இருப்பில் மீண்டும் சேர்' என்ற கட்டத்தில் சரி அடையாளத்தை அப்படியே விட்டிருக்கிறாய். அந்த ஊர்க் குப்பைத் தொட்டியில் கிடப்பது என் தகரத்தில் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறது. எண்ணிப் போடு, தம்பி. கையில் இருப்பதை எண்ணிப் போடு.

குறைந்துவிட்டது என்ற அறிவிப்பு இரண்டு பொதி மிஞ்சும்போதுதான் வருகிறது. வூகொமேர்ஸ் தானாக வைத்த எண் அது. அதைப் பத்தாக்கினேன். செத்தல் மிளகாய் மூன்று வெயில் காய வேண்டும். மல்லியும் சீரகமும் கறிவேப்பிலையும் தனித்தனியே வறுக்க வேண்டும். பிறகு மில், பிறகு ஆறவிடுதல். இரண்டு மிஞ்சும்போது மணி அடித்து என்ன பயன்? இருப்பு முடிந்த பின்பும் ஓடர் எடுக்கும் வசதியை மூடிவிட்டேன். இல்லாததை விற்கக் கூடாது.

கோண்டாவிலில் இருந்துகொண்டு ஒரு கிழவன் மூன்று கண்டத்துக்குத் தூள் விற்கிறான் என்றால் அது உன் மூளை. தபாலகத்தில் இருக்கும் பிள்ளை என்னை 'எக்ஸ்போர்ட் ஐயா' என்கிறாள். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

போன செவ்வாய் ஒரே இரவில் இரண்டு ஓடர் வந்தன. வீட்டுக்கு எடுத்தாலும் ஓடர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பிழைத்துவிடும் என்று சட்டம் வைத்தவன் நீ. ஒன்று உன் பெயரில், கால் கிலோ. எப்போதும் இரண்டு கிலோ எடுக்கும் வீடு அது. முகவரியில் தெரியாத தெரு ஒன்றும் 'பேஸ்மென்ட்' என்ற சொல்லும் இருந்தன. மற்றது மருமகள் பெயரில், பழைய முகவரிக்கு, ஒரு கிலோ. வீட்டாருக்கென்று நீ வைத்த கூப்பனைப் போடாமல் முழுக்காசும் கட்டியிருக்கிறாள்.

இரண்டையும் கட்டி அனுப்பினேன். அவளுடைய பொதியில் பேத்திக்கு எள்ளுப்பாகு வைத்தேன். ஓடரை அம்மாவுக்குக் காட்டவில்லை.

நன்றாகச் சாப்பிடு. கால் கிலோத் தூள் ஒருவருக்கு இரண்டு மாதம் வரும், ஆனால் கடையில் வாங்கித் தின்கிறவனுக்கு ஆறு மாதமும் வரும். எண்ணிப் போடு.

எண்ணிப் போடு என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? போரில் மூடிக் கிடந்த, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை 2002இல் திறந்தபோது ஊரே மகிழ்ந்தது. என் கடையிலோ, கப்பலில் வந்த காலத்து விலைக்கு வாங்கிய சவர்க்காரமும் பால்மாவும் கூரை முட்டக் கிடந்தன. லொறிகள் வரத் தொடங்கியதும் சந்தியில் அவற்றை என் கொள்விலைக்கும் கீழே விற்றார்கள். நான் கொப்பியில் பழைய விலையையே எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்கும்போதெல்லாம் "சாமான் இருக்கிறது, காசு வரும்" என்றேன். தன் சங்கிலி அடகில் இருப்பதைச் சட்டைப்பையில் கிடந்த சீட்டைப் பார்த்துத்தான் அவள் அறிந்தாள்.

நீ புலமைப்பரிசிலுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அம்மம்மாவுக்குச் சுகமில்லை, அதனால்தான் தங்கச்சியையும் தூக்கிக்கொண்டு அம்மா அளவெட்டிக்குப் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன். அம்மம்மா நன்றாகத்தான் இருந்தார். அம்மா என்னை விட்டுப் போயிருந்தாள். ஐந்து மாதம். நான் வைத்த சொதியை நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாய், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க உனக்குப் பழக்கியது நான்தான்.

கடைசியில் கொப்பியைக் கரியரில் வைத்துக்கொண்டு அளவெட்டிக்குப் போனேன். வாயில் வார்த்தை வரவில்லை, கொப்பியை நீட்டினேன். படலையில் நின்றபடியே முழுக்கக் கூட்டிப் பார்த்துவிட்டு, "1,400 ரூபாய் கடனைக் குறைத்துக் கூட்டியிருக்கிறீர்கள்" என்றாள். அன்றைக்கு அவள் வரவில்லை. மாரி முடிந்த பிறகு வந்தாள்.

அந்த இரண்டு ஓடரையும் இன்றிரவு அம்மாவுக்குக் காட்டப் போகிறேன். கோபிக்காதே.

உனக்கென்று அம்மா பனம்பழப் பினாட்டு எடுத்து வைத்திருக்கிறாள். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுது.

அப்பா